பித்தளைக் கோது

துவக்கு எண்டவுடனை முகத்தை அங்காலை திருப்பாதையுங்கோ, தங்கச்சி. நான் இயக்கக்காரனும் இல்லை, ஆமிக்காரனும் இல்லை. எண்பத்தாறிலையே வேலணையிலையிருந்து வெளிக்கிட்டிட்டன். சண்டையெண்டு ஒண்டையும் கண்ணாலை காணாத ஆள். இது வேட்டைத் துவக்கு. லைசென்ஸ் எடுத்து, பூட்டுப் போட்டு, சட்டப்படி வைச்சிருக்கிற சாமான். நீங்கள்தானே கேட்டனீங்கள், இந்தப் பனிக்குள்ளை ஏன் பஸ்ஸிலை ரொறன்ரோவுக்குப் போறியள் எண்டு. மனிசியைக் கூட்டிவரப் போறன். மனிசி போனது துவக்காலை. அப்ப துவக்கைச் சொல்லாமல் எப்பிடிச் சொல்லுறது?

நீங்கள் யன்னல் பக்கம் வசதியா இருங்கோ. எனக்குக் கால் நீட்ட இடம் போதும்.

தண்டர் பேயிலை மரம் அரியிற மில் ஒண்டிலை எனக்கு வேலை. வந்த காலத்திலையிருந்து அங்கைதான். அங்கை எய்னோ எண்டு ஒரு பின்லாந்துக்காரர் இருந்தவர். மரம் அரியிற வாள் தீட்டுற பகுதி அவற்றை பொறுப்பு. மனிசி செத்துப்போச்சு, பிள்ளையள் இல்லை. எங்களுக்கும் பிள்ளையள் இல்லை. போன வருசம் அவருக்குச் சிறுநீரகம் பழுதாப்போச்சு. ஆஸ்பத்திரிக்கு ஏத்தி இறக்கினது நான்தான். தவமலர், அதுதான் என்ரை மனிசி, அவருக்குச் சொதி வைச்சுக் குடுத்துவிடுவா. அந்த மனிசன் சொதியைப் பாணோடை தொட்டு வழிச்சுச் சாப்பிடும். சாகிறதுக்குக் கொஞ்சம் முந்தி என்னைக் கூப்பிட்டு, அலுமாரியைத் திறந்து, ஒரு துவக்கை எடுத்துத் தந்தார். அவற்றை தேப்பன் கொண்டந்ததாம். பிடி வாதுமைக் கட்டை. குழல் இன்னும் கண்ணாடி மாதிரி.

"குணா, இது உனக்கு. வித்துப்போட்டு உன்ரை மனிசிக்கு ஏதும் வாங்கிக் குடு" எண்டார்.

அது பகிடி. தேப்பன் தந்த துவக்கை விக்கச் சொல்லி ஆரும் உண்மையாச் சொல்லுவினமே? என்னிலை இருந்த மதிப்பிலை தந்தது. நான் அப்பிடித்தான் எடுத்தனான்.

மில்லிலை கோர்டன் எண்டு ஒருத்தன். ஒவ்வொரு ஒக்டோபரும் அவன்தான் ஆக்களைச் சேர்த்துக்கொண்டு மூஸ் வேட்டைக்குப் போறவன். மூஸ் தெரியும்தானே, மரை மான் மாதிரி, ஆனா எங்கடை எருமையிலும் பெருசு. இத்தினை வருசமா என்னைக் கூப்பிட்டதில்லை. நேற்று வந்த பெடியளைக் கூட்டிக்கொண்டு போவான். என்னட்டை, "குணா, உனக்குக் குளிரும்" எண்டுவான். நான் இந்தக் குளிருக்குள்ளை கிழவனாப் போனனான், எனக்குக் குளிருமாம்.

எய்னோ துவக்குத் தந்ததைச் சாப்பாட்டு அறையிலை சொன்னன். என்ன துவக்கெண்டு கேட்டான். குழலிலை அடிச்சிருந்த இலக்கத்தைச் சொன்னன். மேசையே சிரிச்சுது. கோர்டன் சொன்னான்:

"அதுக்கு ரவை உலகத்திலையே இல்லை குணா. ரெண்டாம் உலகச் சண்டைக்கு முந்தியே செய்யிறதை விட்டிட்டாங்கள். பேசாமல் சுவரிலை மாட்டு. உன்ரை சுவர் போதாதெண்டால் என்ரை கபினிலை மாட்டுறன்."

அவ்வளவுதான் தங்கச்சி. எனக்கு உச்சியிலை ஏறிட்டுது. இந்தத் துவக்காலை சுட்டு, இவங்கடை கண்ணுக்கு முன்னாலை ஒரு மூஸை விழுத்தாமல் விடுறதில்லை எண்டு அண்டைக்கே முடிவெடுத்தன்.

ஒரு ரவையெண்டால் என்ன? ஒரு பித்தளைக் கோது. அதுக்குள்ளை வெடிமருந்து. முன்னுக்குச் சன்னம். அடியிலை தீப்பத்துற சின்னக் கேப்பு. சன்னம், மருந்து, கேப்பு எல்லாம் கடையிலை இருக்கு. கோதுதான் இல்லை. ஒவ்வொரு துவக்குக்கும் அதின்ரை வாய்க்குத் தக்க கோது வேணும். மயிரிழை பிசகினாலும் உள்ளை போகாது, இல்லாட்டி வெடிக்கேக்கை பிளந்து முகத்துக்கு வரும். கோது கிடைச்சாலும் போதாது. எந்த மருந்து, எவ்வளவு எண்டு தெரியவேணும். கூடினா ஆள் முடிஞ்சுது. அந்த அளவும் ஒரு புத்தகத்திலையும் இல்லை.

எங்கடை சனத்துக்கு இதெல்லாம் விளங்கப்படுத்தத் தேவையில்லை எண்டுறீங்களோ? ஓம், கோது, சன்னம், ரவை எல்லாத்துக்கும் எங்களட்டைச் சொல் இருக்குதுதான். எனக்கு அந்தச் சொல்லுகள் தவமலரிட்டையிருந்துதான் வந்தது. நான் வெளிக்கிடேக்கை எனக்குக் கோயில் திருவிழாவிலை விடுற ஈர்க்குவாணம்தான் தெரியும்.

கடைகடையாப் போனன். கொம்பியூட்டரைத் தட்டிப்போட்டு உதட்டைப் பிதுக்குவாங்கள். ட்றைடனிலை ஒரு துவக்குச் சந்தை நடந்துது, அங்கை போனன். ஒரு மனிசன் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை ரெண்டே ரெண்டு ரவை வைச்சிருந்தான், இந்த இலக்கம்தான். தா எண்டன். "இது சுடுறதுக்கில்லை, பாக்கிறதுக்கு" எண்டான். கையிலை எடுத்துப் பாக்கக்கூட விடேல்லை. இன்ரர்நெட்டிலை எழுதிப் போட்டன். முக்கால்வாசிப் பேர் சுவரிலை மாட்டச் சொன்னாங்கள். அவுஸ்திரேலியாவிலை ஒரு ரிட்டயர் வாத்தியார் மட்டும் ஒழுங்கா மறுமொழி போட்டார். வேறொரு பெரிய ரவையின்ரை கோதை எடுத்து, நீளத்தை வெட்டி, கழுத்தை நெரிச்சுச் செய்யலாம், ஆனா அதுக்கு அச்சு வேணும், அச்சைத் தேடு எண்டார்.

வேலையாலை வருவன், கொம்பியூட்டருக்கு முன்னாலை இருப்பன். தவமலர் கோப்பையைக் கொண்டந்து பக்கத்திலை வைப்பா. ஆறும். பேந்து கொண்டுபோய்ச் சூடாக்குவா. ஒரு நாள் கேட்டா, "உதைச் சுட்டு என்ன செய்யப் போறீங்கள்?" எண்டு. சுடுறதுக்குத்தான் எண்டன். வேறை என்ன சொல்லுறது?

ஆவணியிலை ஒரு ஃபோன் வந்துது. சஸ்கச்சுவானிலையிருந்து ஒரு கிழவி, நான் இன்ரர்நெட்டிலை போட்டதைப் பாத்திட்டு. அவவின்ரை புருசன் இதே துவக்கு வைச்சிருந்தவராம். துவக்கு மகனிட்டைப் போயிட்டுது, ஆனா அச்சு, நெரிக்கிற மிசின், செய்து வைச்ச கோதுகள் எல்லாம் கார் விடுற கராச்சுக்குள்ளை கிடக்காம். தான் வயோதிபர் இல்லத்துக்குப் போறாவாம், வந்து அள்ளிக்கொண்டு போ எண்டா. எனக்குச் சந்தோசத்திலை புழுகம் தாங்கேல்லை. எப்ப வரட்டும் எண்டு கேட்டன். இந்தச் சனிக்கிழமைதான், பிறகு எல்லாம் குப்பைக்குப் போகும் எண்டா.

அந்தச் சனிக்கிழமை தவமலரின்ரை தேப்பனின்ரை திவசம்.

பாத்தீங்களே, நீங்களும் அப்பிடித்தான் பாக்கிறீங்கள். கேளுங்கோ. ஒவ்வொரு வருசமும் நான் நிண்டு செய்தனான். அவ மரக்கறி சமைச்சுப் படைப்பா, நான் கற்பூரம் கொழுத்துவன். ஆண்பிள்ளை இல்லாத குடும்பம், மருமோன்தான் செய்யவேணும். ஒரே ஒருதரம்தான் விட்டது. "நீயே கொழுத்து, கடவுள் கோவிக்கமாட்டார்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனனான். செத்த மனிசன் எங்கை ஓடப்போறார்? கோது ஓடிப்போடும்.

ராவு பகலா ஓடினன். கிழவி நல்ல மனிசி. கேக் வெட்டித் தந்தா. சாமானெல்லாம் ட்ரக்கிலை ஏத்தேக்கை பக்கத்திலை பாத்துக்கொண்டு நிண்டா.

"உன்ரை மனிசிக்கு வேட்டை பிடிக்குமோ?" எண்டு கேட்டா.

"பழகிக்கொள்ளுவா" எண்டன்.

"நான் பழகேல்லை" எண்டா. "இந்தச் சாமான் வீட்டை விட்டுப் போறதைப் பாக்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ?"

வயசு போன ஆக்கள் தனிய இருந்தா இப்பிடித்தான் கண்டபடி கதைப்பினம். நான் பெரிசா எடுக்கேல்லை. ஒரு காட்போட் பெட்டியின்ரை மூடியிலை புருசன் மருந்தின்ரை அளவை எழுதி வைச்சிருந்தார். அதைக் கண்டவுடனை எனக்குக் கிழவியைக் கட்டிப்பிடிக்கோணும் போலை இருந்துது. ஆனா வீட்டை வந்து பாத்தா அந்த மருந்து இப்ப செய்யிறதில்லை. பேந்தும் அவுஸ்திரேலியா வாத்தியாரிட்டைப் போய், எந்த மருந்து அதுக்குக் கிட்டப் போகும், எவ்வளவு குறைச்சுத் தொடங்கவேணும், எப்பிடிக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டவேணும் எண்டு கேட்டுக் கேட்டு ஒரு அளவுக்கு வந்தன். அந்த மனிசன் ஒவ்வொருக்காலும் கடைசியிலை ஒண்டு எழுதுவார், தனிய நிண்டு முதல் வெடி வைக்காதை, பக்கத்திலை ஒருத்தரை வைச்சிரு எண்டு.

கோதுகள் கறுத்து, பச்சைக் களிம்பு படிஞ்சு கிடந்துது. நிலவறை குளிர், மிசினைக் குசினி மேசையிலைதான் பூட்டினன். கோதின்ரை கழுத்தை அடுப்பு நெருப்பிலை காட்டிச் சிவக்க வைச்சுத் தண்ணியிலை போட்டால்தான் பித்தளை இளகும், இல்லாட்டி நெரிக்கேக்கை கழுத்துப் பிளக்கும். அதைக் காஸ் அடுப்பிலை செய்தன். பிறகு பளபளப்பாக் கழுவவேணும். அதுக்கு விசேசமா ஒரு தண்ணி விக்கிறாங்கள். நான் யோசிச்சன், பித்தளைக்கு எங்களட்டை இல்லாத சாமானே? புளியைக் கரைச்சு அதுக்குள்ளை போட்டன். தங்கம் மாதிரி வந்துது தங்கச்சி!

தவமலர் வேலையாலை வந்து குசினி வாசலிலை நிண்டா.

"உதை ஏன் இஞ்சை வைச்சுக் கழுவுறீங்கள்?"

"பித்தளைதானே. உன்ரை குத்துவிளக்கும் பித்தளைதானே, புளி போட்டுத்தானே மினுக்கிறனீ?"

அவ பையைக் கீழை வைச்சா. பிறகு சொன்னா, "ஐயா பொறுக்கினதும் பித்தளைதான்."

அது என்னெண்டால், அவ முள்ளியவளைப் பக்கம், சண்டைக்குள்ளை வளந்தவ; பிறகுதான் நான் கட்டி இஞ்சை எடுப்பிச்சனான். பொருளாதாரத் தடை நேரம் சனத்துக்குத் தொழில் இல்லை. சண்டை முடிஞ்ச காணியளுக்குள்ளை போய் வெறுங்கோது பொறுக்கி, சாக்கிலை கட்டி, இரும்புக்காரனுக்குக் குடுத்து அரிசி வாங்கிறதாம். அவவின்ரை ஐயாவும், அதுதான் தேப்பன், போறவர். ஒரு நாள் போன மனிசன் மிதிவெடியிலை காலை வைச்சிட்டார். இவதான் சாப்பாடு கொண்டுபோனவவாம். அதுக்கு மேலை அவ சொன்னதில்லை, நானும் தோண்டிக் கேட்டதில்லை. கவலையான விசயங்களைக் கிளறக்கூடாது.

ஆனா நீங்களே சொல்லுங்கோ, அந்தக் கோது வேறை, இந்தக் கோது வேறை. அது ஆளைச் சுட்டது. இது மிருகத்தைச் சுடுறது. நான் அதை வடிவா விளங்கப்படுத்தினன். ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தியிருப்பன். அவ புளிச்சட்டியை எடுத்து வெளியிலை ஊத்திப்போட்டு, சட்டியையும் குப்பைக்குள்ளை போட்டா. நல்ல சட்டி. அதுக்குப் பிறகு எங்கடை வீட்டிலை ரசமும் இல்லை, புளிக்குழம்பும் இல்லை. நான் கேக்கவும் இல்லை. பிடிவாதமெண்டால் எனக்கும் பிடிவாதம்.

முதல் வெடி வைக்கிற நாள் வந்துது. ஊருக்கு வெளியிலை கல்லுத் தோண்டின பழைய கிறவல் கிடங்கு ஒண்டு, பெரிய பள்ளம், இருக்கு. பக்கத்திலை ஒருத்தர் நிக்கவேணுமே. கோர்டனைக் கேக்கலாமோ? கேட்டுப் பிழைச்சா மில் முழுக்கச் சிரிக்கும். தவமலரிட்டைக் கேட்டன்.

"நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை. ட்ரக்குக்குள்ளை இரு. எனக்கு ஏதும் நடந்தா ஃபோன் அடி. அவ்வளவுதான்."

மாட்டன் எண்டவ. நான் தனியப் போறன், வெடிச்சுச் செத்தா உன்ரை பாடு எண்டன். வந்து ஏறினா. உடுப்புக்கூட மாத்தேல்லை, வீட்டுச் செருப்போடை வந்து ஏறினா.

நான் கவனமான ஆள் தங்கச்சி. துவக்கை ஒரு பழைய டயரிலை வைச்சு இறுக்கிக் கட்டி, விசையிலை நீளக் கயிறு கட்டி, ட்ரக்குக்குப் பின்னாலை நிண்டு இழுத்தன். வெடி எண்டால் வெடி! கிடங்கு முழுக்க எதிரொலிச்சுது. போய்ப் பாத்தன். துவக்குக்கு ஒரு கீறல் இல்லை. கோதை எடுத்தன். துவக்கின்ரை உள்வாயை அப்பிடியே வார்த்தெடுத்த மாதிரி, தோள், கழுத்து எல்லாம் அச்சொட்டா வந்திருந்துது. எனக்குக் கண் கலங்கிட்டுது, உண்மையாச் சொல்லுறன். கத்திக் கூப்பிட்டன், "தவமலர்!" எண்டு.

ட்ரக்குக்குள்ளை ஆளில்லை.

சுத்தி வந்து பாத்தா, கதவு திறந்திருக்கு, ஆள் நிலத்திலை குப்புறப் படுத்திருக்கிறா. ரெண்டு கையாலையும் தலையைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி. அந்தக் கிறவல் சேத்துக்குள்ளை. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சிட்டன். பகிடியாத்தான் சிரிச்சனான், பழிக்கிறதுக்கில்லை. "எழும்பு, ஆமி போயிட்டான்" எண்டன்.

எழும்பினா. முழங்கால் தோலுரிஞ்சிருந்துது. நான் இருந்த புழுகத்திலை கோதை அவவின்ரை உள்ளங்கையிலை வைச்சன். "இஞ்சை பார், எவ்வளவு வடிவா வந்திருக்கு எண்டு." இன்னும் சூடு ஆறேல்லை. அவ கையை உதறவும் இல்லை, ஒண்டும் இல்லை. அதைப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா. என்னை அப்பிடி ஒருநாளும் பாத்ததில்லை. கடையிலை நிண்டு ஆரெண்டு தெரியாத ஆளைப் பாப்பமே, அப்பிடி.

வீட்டை வந்து வழமைபோலை சமைச்சா. அதாலை எல்லாம் சரி எண்டுதான் நான் நினைச்சன்.

ஒக்டோபரிலை கோர்டனுக்கு முன்னாலை மேசையிலை ரவைகளை அடுக்கி வைச்சன். ஒவ்வொண்டா எடுத்துப் பாத்தான். சிரிக்கேல்லை. "சரி, வா" எண்டான். பாருங்கோ, இத்தினை வருசத்திலை முதல்தரம். ஒரு கிழமை காட்டுக்குள்ளை. வெளிக்கிடேக்கை தவமலர் பெட்டி பெட்டியாச் சாப்பாடு கட்டி வைச்சிருந்தா. எனக்கு அந்தளவு வேண்டாம் எண்டன். "இது கொண்டுபோறதுக்கில்லை, வந்து சாப்பிடுறதுக்கு. பிரிஜ்ஜுக்குள்ளை இருக்கும்" எண்டா. நான் யோசிக்கேல்லை. யோசிக்கிறதுக்கு அதிலை என்ன இருக்கு?

மூண்டாம் நாள் விடியக் காலமை, ஒரு சதுப்புக் கரையிலை, மூஸ் வந்து நிண்டுது. கொம்பெண்டால் சும்மா கொம்பில்லை. கோர்டன் கையைக் காட்டினான், நீ சுடு எண்டு. சுட்டன். ஒரே வெடி. நிண்ட இடத்திலை முன்னங்காலை மடிச்சுச் சரிஞ்சுது. எல்லாரும் ஓடிவந்தாங்கள். என்ன சொன்னாங்கள் தெரியுமே? "எய்னோவின்ரை துவக்குச் சோக்கான துவக்கு!" துவக்காம். கோது தேடினது ஆர்? அளவு பிடிச்சது ஆர்? துவக்கு தன்ரை பாட்டிலை சுட்டுதே? சாப்பாட்டு அறையிலை படம் கொழுவியிருக்கு. படத்திலை மூஸ் இருக்கு, துவக்கு இருக்கு, கொம்பைப் பிடிச்சுக்கொண்டு கோர்டன் இருக்கிறான். என்ரை ஒரு கை தெரியுது. இறைச்சியைத் தோளிலை சுமந்து ட்ரக்குக்கு ஏத்தினதிலை முதுகு இன்னும் பிடிச்சபடி, அதாலைதான் ட்ரக் ஓடாமல் பஸ்.

வீட்டை வந்தன். கதவு பூட்டு. உள்ளை எல்லாம் துடைச்சு மினுக்கிக் கிடக்குது. பிரிஜ்ஜுக்குள்ளை பெட்டி பெட்டியாச் சாப்பாடு. அவவின்ரை உடுப்புப் பெட்டி இல்லை, சாமித்தட்டிலை குத்துவிளக்கு இல்லை. ஸ்காபரோவிலை அவவின்ரை தமக்கை. அங்கை ஃபோன் அடிச்சன். தமக்கைதான் எடுத்தா.

"அவ இப்ப கதைக்கமாட்டா. அவ எத்தினை மாசமா ராவிலை நித்திரை கொள்ளேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

நான் படுத்தா விடியத்தான் எழும்புற ஆள். எனக்கெப்பிடித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே? வாயைத் திறந்து, "எனக்குப் பயமா இருக்கு, இதை விடுங்கோ" எண்டு சொல்லியிருந்தா நான் என்ன மிருகமே? ஒண்டும் சொல்லாமல் போறது என்ன பழக்கம்? நீங்கள் சொல்லுங்கோ.

என்ன, சொன்னவதானே எண்டுறீங்களோ? எப்ப சொன்னவ?

சரி, விடுங்கோ. நீங்களும் அவவின்ரை பக்கம்தான். தமக்கை சொல்லுறா, துவக்கு வீட்டை விட்டுப் போனால் யோசிப்பாவாம். ஏன் போகவேணும்? எனக்கெண்டு ஒருத்தர் மனசாரத் தந்த ஒரே சாமான் அது. நேரிலை போய்க் கதைச்சா விளங்கும். கீழை லக்கேஜுக்குள்ளை ஒரு பெட்டி இறைச்சி ஐஸ் போட்டுக் கொண்டுபோறன். ஒருக்காச் சமைச்சுச் சாப்பிட்டா, இவ்வளவு பாடும் எதுக்கெண்டு அவவுக்குத் தெரியும்தானே?

சட்பரி லைட் தெரியுது. உங்கடை ஃபோனுக்குச் சிக்னல் வந்திட்டுதோ? ஒருக்காத் தாறீங்களே, தங்கச்சி? என்ரை நம்பரெண்டால் எடுக்கிறா இல்லை. நான் வாறன் எண்டதும் அவவுக்குத் தெரியாது. ஒரு நிமிசம்தான்.

அடிக்குது.

எடுத்திட்டா.

இந்தாங்கோ, பிடியுங்கோ. நீங்கள் கதையுங்கோ. எனக்கு வாய் வருதில்லை. "பிள்ளை, ஆர் கதைக்கிறது?" எண்டு கேக்கிறா, கேக்குதே? எவ்வளவு ஆறுதலாக் கேக்கிறா பாருங்கோ. ஏதாவது சொல்லுங்கோ. நம்பர் மாறி அடிச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ. பஸ்ஸிலை ரொறன்ரோவுக்கு வாற பிள்ளை எண்டு சொல்லுங்கோ.

என்னவாம்? பனியோ எண்டு கேக்கிறாவோ? ஓம் எண்டு சொல்லுங்கோ. காதை மூடிக்கட்டச் சொல்லுறாவோ? ஓம், அவ அப்பிடித்தான், முகம் தெரியாத ஆளுக்கும் சொல்லுவா.

இப்ப என்ன கேட்டவ? ஃபோனைப் பொத்திப்போட்டுச் சொல்லுங்கோ. தனியவோ வாறீங்கள், பக்கத்திலை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டோ?

ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுங்கோ.